கடலில்லாத ஊரில் கப்பல் நினைவுகள்

கெல்சென்கிர்ச்சனுக்குக் கடல் கிடையாது. ஜெர்மனியின் மேற்கே, ரூர் நிலக்கரிப் பகுதியின் நடுவில் இருக்கிறது அந்த நகரம். வடகடல் ஏறக்குறைய 200 கிலோமீட்டர் தள்ளி. சொல்லிக்கொள்ளும்படியான ஆறுகூட இல்லை. எம்ஷர் என்று ஒன்று உண்டு, அதிலும் நூறு ஆண்டுகளுக்கு மேல் சாக்கடைதான் ஓடியது. கால்பந்துப் பிரியர்களுக்கு இது ஷால்கே 04 அணியின் ஊர். மற்றவர்களுக்குக் கரியும் புகையும்தான் நினைவுக்கு வரும்.

ஆனாலும் அந்த ஊருக்குள் 110 மீட்டர் நீளமுள்ள சரக்குக் கப்பல்கள் வந்து போகின்றன. ஊருக்கென்று ஒரு துறைமுகம் இருக்கிறது. அங்கே அரிசியும் பருப்பும் பதப்படுத்தும் பெரிய ஆலை ஒன்றுகூட இயங்குகிறது. இதற்கெல்லாம் காரணம் ரைன்–ஹெர்னே கால்வாய். 1906-ல் தோண்டத் தொடங்கி 1914 ஜூலையில் திறந்தார்கள். முதல் உலகப் போர் வெடிக்கச் சில வாரங்களே இருந்தன. நீளம் ஏறக்குறைய 45 கிலோமீட்டர். மேற்கே ரைன் நதி வழியாக ராட்டர்டாமுக்குப் போகலாம். கிழக்கே டோர்ட்முண்ட்–எம்ஸ் கால்வாயைப் பிடித்தால் வடகடல் ஓரத்து எம்டன் துறைமுகம் வரை போகலாம். எம்டன் என்றால் நம்மவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்து எண்ணெய்க் கிடங்குகளைச் சுட்டெரித்த போர்க்கப்பலுக்கு அந்த ஊரின் பெயரைத்தான் வைத்திருந்தார்கள்.

நிலக்கரியைக் கடலுக்குக் கொண்டுபோகவும், இரும்புத் தாதுவை உள்ளே கொண்டுவரவும் வெட்டிய வழி இது. கரை நெடுகிலும் சுரங்கங்கள் தமக்கென்று சிறு துறைமுகங்களைக் கட்டிக்கொண்டன. படகுக்காரர்கள், சுமை ஏற்றி இறக்குபவர்கள், மதகுக் காவலர்கள், கயிறு திரிப்பவர்கள், படகு பழுதுபார்ப்பவர்கள் என்று ஒரு முழுச் சமூகமே கால்வாயை நம்பிப் பிழைத்தது. கடலோர மக்களின் வாழ்க்கைக்கும் இவர்கள் வாழ்க்கைக்கும் பெரிய வேறுபாடு இல்லை. வீட்டைத் தண்ணீர்மேல் வைத்துக்கொண்டு, துறைக்குத் துறை போய், காற்றையும் பனியையும் பார்த்துத் தொழில் செய்தவர்கள்.

அந்த வாழ்க்கை முடிந்துகொண்டிருந்தபோது அதை எப்படிக் காப்பது என்ற கேள்வி ரூர் மக்களுக்கு வந்தது. அவர்கள் கொடுத்த பதில் தமிழ்நாட்டின் ஆயிரம் கிலோமீட்டர்க் கடற்கரைக்கும், ஈழத்து வடகரைக்கும் பயன்படக் கூடியது.

முடிவு திடீரென்று வரவில்லை. 1950-களின் கடைசியிலேயே நிலக்கரிக்கு நெருக்கடி தொடங்கிவிட்டது. எண்ணெயும் மலிவான வெளிநாட்டுக் கரியும் வந்தபின் சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடின. கெல்சென்கிர்ச்சனின் ஹோர்ஸ்ட் பகுதியில், கால்வாய்க் கரையிலேயே இருந்த நோர்ட்ஸ்டெர்ன் சுரங்கம் 1993-ல் மூடப்பட்டது. அதன் செங்கல் கட்டடங்களை வரைந்தவர்கள் ஃப்ரிட்ஸ் ஷூப், மார்ட்டின் கிரெம்மர் என்ற கட்டடக் கலைஞர்கள். பக்கத்து எஸ்ஸனில் இன்று யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னமாக இருக்கும் ஸோல்ஃபராயின் சுரங்கத்தை வடிவமைத்தவர்களும் அவர்களே.

மூடிய சுரங்கத்தை இடித்து மனை போட்டு விற்றிருக்கலாம். அதற்குப் பதிலாக 1997-ல் அங்கே கூட்டாட்சித் தோட்டக் கண்காட்சியை நடத்தினார்கள். சுரங்க நிலம் பூங்கா ஆனது. கால்வாயின் குறுக்கே சிவப்பு நிறத்தில் இரட்டை வளைவுப் பாலம் ஒன்று எழுந்தது. கரையை ஒட்டித் திறந்தவெளி அரங்கம் கட்டினார்கள். ஆயிரக்கணக்கானோர் படிகளில் உட்கார்ந்து பாட்டுக் கேட்கும்போது மேடைக்குப் பின்னால் தெரிவது அந்தக் கால்வாய்தான். சுரங்கக் கோபுரத்தின் உச்சியில் 2010-ல் மார்குஸ் லூபெர்ட்ஸ் என்ற சிற்பி வடித்த 18 மீட்டர் உயர ஹெர்குலஸ் சிலையை நிறுத்தினார்கள். சிலை எல்லோருக்கும் பிடித்துவிடவில்லை. ஆனால் அதன் அடியில் நின்று பார்த்தால் கால்வாய், எம்ஷர், கரிக்கழிவு மலைகள், தொலைவில் ஷால்கே மைதானம் என்று ஊரின் வரலாறு முழுவதும் ஒரே பார்வையில் கிடைத்துவிடுகிறது.

இந்த மாற்றம் ஒரு நகராட்சியின் வேலை அல்ல. 1989 முதல் 1999 வரை நடந்த எம்ஷர் பூங்காக் கட்டடக் கண்காட்சி என்ற பத்தாண்டுத் திட்டம் ரூர் பகுதியின் பல ஊர்களைச் சேர்த்துச் செய்தது. மாநில அரசும் நகரங்களும் கைகோத்தன. 1999-ல் தொழில் பாரம்பரியப் பாதை என்ற பெயரில் சுரங்கம், உலை, துறைமுகம், தொழிலாளர் குடியிருப்பு எல்லாவற்றையும் ஒரே சுற்றுலா வழியில் இணைத்தார்கள். நோர்ட்ஸ்டெர்ன் அதன் முக்கிய நிறுத்தங்களில் ஒன்று. ரூர் பகுதி 2010-ல் ஐரோப்பியப் பண்பாட்டுத் தலைநகராக இருந்தபோது கால்வாயையே ஒரு பண்பாட்டுவெளியாக அறிவித்தார்கள். கரையோரம் கலைப் படைப்புகள் வந்தன, கப்பல் அணிவகுப்புகள் நடந்தன. பராமரிப்புக்காகக் கரையில் போட்டிருந்த பாதைகளில் இன்று சைக்கிள்கள் ஓடுகின்றன.

எம்ஷரின் கதையைச் சொல்லாமல் இதைச் சொல்லி முடிக்க முடியாது. நிலத்தடியில் கரியை எடுத்தெடுத்து ரூர் பகுதியின் நிலம் பல மீட்டர் தாழ்ந்துவிட்டது. மண்ணுக்கடியில் குழாய் பதித்தால் உடைந்துவிடும். ஆகவே 1899-ல் அமைந்த எம்ஷர் நீர்க் கூட்டுறவு, ஆற்றையே கான்கிரீட் கரை கட்டிய திறந்த சாக்கடையாக மாற்றிவிட்டது. வேலி போட்டுக் குழந்தைகளை விலக்கி வைத்த ஆறு. சுரங்கங்கள் மூடி நிலம் அசைவது நின்றதும், 1992-ல் மீட்புத் திட்டம் தொடங்கியது. டோர்ட்முண்டிலிருந்து டின்ஸ்லாக்கன் வரை 51 கிலோமீட்டர் நீளத்துக்குப் பூமிக்கடியில் கழிவுநீர்ச் சுரங்கம் போட்டார்கள். செலவு 500 கோடி யூரோவுக்கும் மேல். 2021 கடைசியில் எம்ஷரில் கழிவுநீர் விழுவது முழுதாக நின்றது. முப்பது ஆண்டு வேலை அது. தொடங்கியபோது பதவியில் இருந்த யாரும் முடிவில் பதவியில் இல்லை. ஆனாலும் திட்டம் நின்றுபோகவில்லை.

கரையில் பூங்கா, தண்ணீரில் சுத்தம். இவை இரண்டும் இல்லாமல் படகு அருங்காட்சியகம் வைத்தால் ஜனங்கள் ஒரு முறை வந்து பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். வெயில் காலத்தில் ரூர் பிள்ளைகள் ரைன்–ஹெர்னே கால்வாயில் குதித்து நீந்துகிறார்கள். மதகுகளுக்கும் பாலங்களுக்கும் அருகில் நீந்தத் தடை உண்டு, அதை மீறுபவர்களும் உண்டு. எது எப்படியோ, கால்வாய் அவர்களுடையது என்ற எண்ணம் உடம்பு வழியாகவே பதிந்துவிடுகிறது.

அருங்காட்சியகங்களுக்கு வருவோம். கெல்சென்கிர்ச்சனிலிருந்து கால்வாயிலேயே கிழக்கே போனால் வால்ட்ரோப் என்ற ஊரில் ஹென்றிஷன்புர்க் கப்பல் தூக்கி வரும். 1899 ஆகஸ்டில் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம் நேரில் வந்து திறந்து வைத்தது. கப்பலை 14 மீட்டர் உயரத்துக்குத் தூக்குவதும் இறக்குவதும் அதன் வேலை. அது இயங்கிய விதத்தைக் கொஞ்சம் நின்று பார்ப்பது நல்லது. தண்ணீர் நிரம்பிய ஒரு மிகப் பெரிய இரும்புத் தொட்டி. அதற்குள் கப்பல் மிதந்தபடி வந்து நிற்கும், இரு பக்கக் கதவுகளும் அடைபடும். தொட்டிக்குக் கீழே, தரைக்குள் இறங்கும் ஐந்து ஆழ்கிணறுகள். ஒவ்வொரு கிணற்றிலும் ஒரு மூடிய உருளை மிதக்கிறது. தொட்டி, தண்ணீர், கப்பல் மூன்றின் சுமையையும் அந்த ஐந்து மிதவைகளே தாங்குகின்றன. கப்பல் உள்ளே வந்ததும் தன் எடைக்குச் சமமான தண்ணீரைத் தொட்டியிலிருந்து வெளியே தள்ளிவிடுகிறது. அதனால் கப்பல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் மொத்த எடை ஒன்றே. எல்லாம் சமன்பட்டு நிற்பதால், ஏறக்குறைய 3,000 டன் சுமையை மேலே ஏற்ற 150 குதிரைத்திறன் மின் மோட்டார் போதுமானதாக இருந்தது. நான்கு மூலைகளிலும் நிற்கும் பிரம்மாண்டத் திருகுகள் தொட்டி சாயாமல் பார்த்துக்கொண்டன.

பக்கத்திலேயே 1962-ல் பெரிய தூக்கி ஒன்று வந்தது. பழையது 1969-ல் நின்றது. பத்து ஆண்டுகள் துருப்பிடித்துக் கிடந்தது. 1979-ல் வெஸ்ட்ஃபாலன் மண்டல நிர்வாகம் அதைத் தன் தொழில் அருங்காட்சியகத்தில் சேர்த்துக்கொண்டது. சீரமைத்து முழு அருங்காட்சியகமாகத் திறக்க 1992 ஆகிவிட்டது. இன்று அது கப்பலைத் தூக்குவதில்லை. ஆனால் ஒரே இடத்தில் 1899-ன் தூக்கி, 1914-ன் மதகு, 1962-ன் தூக்கி, 1989-ன் மதகு என நான்கு தலைமுறைத் தொழில்நுட்பமும் நிற்கின்றன. கடைசி மதகில் கப்பல்கள் இப்போதும் ஏறி இறங்குகின்றன. பழையதைப் பார்த்துவிட்டு நாலடி நடந்தால் அதே தொழில் உயிரோடு நடப்பதைப் பார்க்கலாம்.

அங்கே கட்டி வைத்திருக்கும் ஃப்ரான்ஸ்-கிறிஸ்டியன் என்ற சரக்குக் கப்பல்தான் இந்த எழுத்தாளருக்கு எல்லாவற்றையும் விட முக்கியமாகப் படுகிறது. சரக்கு அடுக்கும் வயிற்றுப்பகுதியைக் காட்சிக்கூடம் ஆக்கியிருக்கிறார்கள். படகுக் குடும்பங்களின் வாழ்க்கையும் வேலையும்தான் அங்கே காட்சி. கணவன் சுக்கானில், மனைவி கயிற்றில், பிள்ளைகள் மேல்தளத்தில் என்று ஒரு குடும்பமே படகின் பணியாளர் கூட்டமாக இருந்த காலம் அது. பள்ளி வயது வந்ததும் பிள்ளையைக் கரையில் விடுதியில் விட்டுவிட்டுப் போக வேண்டும். அந்தப் பிரிவு ஒவ்வொரு படகுக் குடும்பத்துக்கும் நேர்ந்தது. இன்னொரு செய்தி: இந்தக் கால்வாய்களில் 1960-கள் வரை அரசாங்கத்தின் இழுவைப் படகுகளுக்கே சரக்குப் படகுகளை இழுக்கும் உரிமை இருந்தது. இழுவைப் படகுக்காகத் துறையில் காத்துக் கிடப்பதும், வரிசைக்குச் சண்டை போடுவதும் தொழிலின் அன்றாடம். இப்படிப்பட்ட சின்ன விஷயங்களைக் காப்பவர்களே ஒரு தொழிலைக் காப்பவர்கள்.

மேற்கே போனால் ரைன் கரையில் டூயிஸ்பர்க் நகரின் ரூரோர்ட் துறைமுகம். அங்கே உள்நாட்டுக் கப்பல் போக்குவரத்துக்கான ஜெர்மன் அருங்காட்சியகம், 1998 முதல் ஒரு பழைய நீச்சல் குளக் கட்டடத்தில் இருக்கிறது. ஆண்கள் நீந்திய கூடத்தில் 1913-ல் கட்டிய டச்சுப் பாய்க்கப்பல் ஒன்று விரித்த பாயோடு நிற்கிறது. வெளியே துறைமுகத்தில் 1922-ன் ஆஸ்கர் ஹூபர் என்ற நீராவி இழுவைக் கப்பலும், 1882-ன் மிண்டன் என்ற தூர்வாரும் கப்பலும் மிதக்கின்றன. ராஜாக்கள் ஏறிய கப்பல் ஒன்றுகூட இல்லை. எல்லாம் உழைத்த கப்பல்கள்.

குறைகளும் உண்டு. ரைன்–ஹெர்னே கால்வாயில் முதலில் ஏழு மதகு நிலையங்கள் இருந்தன, இப்போது ஐந்து. எஸ்ஸன்-டெல்விக்கிலும் ஹெர்னேயிலும் இருந்த இரண்டு, நிலம் தாழ்ந்ததாலும் கால்வாயைப் பெரிதாக்கியதாலும் தேவையற்றுப் போயின. இழுவைக் காலத்துப் படகுகளில் மிகப் பெரும்பாலானவை பழைய இரும்பாகப் போய்விட்டன. ஒரே குடும்பம் ஓட்டும் சிறுபடகு இன்று அபூர்வம். பூங்காக்களும் சிலைகளும் வந்த பிறகும் கெல்சென்கிர்ச்சன் ஜெர்மனியின் மிக ஏழ்மையான நகரங்களில் ஒன்று. வேலையின்மையில் நாட்டிலேயே முன்வரிசை. பாரம்பரியத்தைக் காத்தால் ஊருக்குச் செல்வம் கொட்டும் என்று யாராவது சொன்னால் இந்த ஊரைக் காட்டலாம்: கொட்டவில்லை. ஆனால் பணமில்லாத ஊர்கூடத் தன் உழைப்பின் வரலாற்றைக் கைவிடாமல் இருக்க முடியும் என்பதற்கும் இதே ஊர்தான் சாட்சி.

இதே நீர்வழியில் தமிழரும் இருக்கிறார்கள். கால்வாய்களைப் பிடித்துக் கிழக்கே போனால் ஹாம் நகரம். அதன் ஊன்ட்ரோப் பகுதியில் இருக்கிறது ஸ்ரீ காமாட்சி அம்பாள் கோயில். 1985-ல் இலங்கையிலிருந்து அகதியாக வந்த பாஸ்கரக் குருக்கள் தொடங்கியது. ஒரு வீட்டின் நிலவறையில் சிறிதாக இருந்த வழிபாடு, 2002 ஜூலையில் 17 மீட்டர்க் கோபுரத்தோடு குடமுழுக்குக் கண்டது. ஆண்டுதோறும் தேர்த் திருவிழாவுக்கு ஆயிரக்கணக்கில் கூட்டம். தேருக்கு மறுநாள் தீர்த்தத் திருவிழா. அம்பாளை எடுத்துக்கொண்டு போய்த் தீர்த்தமாட்டுவது டாட்டெல்ன்–ஹாம் கால்வாயில். 1914-ல் கரிக்காக வெட்டிய அந்தக் கால்வாய்க்கு ஹாமில் லிப்பே ஆற்றிலிருந்து தண்ணீர் விடுகிறார்கள். ரூர் பகுதிக் கால்வாய்கள் அனைத்துக்கும் அந்த நீர் பங்கிடப்படுகிறது, கெல்சென்கிர்ச்சனுக்கும்தான். யாழ்ப்பாணத்துக் கீரிமலையிலும் தொண்டைமானாற்றிலும் தீர்த்தமாடியவர்களின் பிள்ளைகளுக்கு இப்போது அந்தக் கால்வாய்தான் தீர்த்தம். ஒரு நீர்வழியின் பண்பாட்டு வரலாற்றை எழுதும்போது இதையும் ஒரு அத்தியாயமாகச் சேர்க்க வேண்டும்.

இந்த மக்களில் பலர் விட்டு வந்த கரையின் கதை சிறியதல்ல. யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பலை வில்லியம் ராபின்சன் என்ற அமெரிக்க மாலுமி வாங்கினார். ஏறக்குறைய 90 அடி நீளம், முழுக்க மரம். வல்வெட்டித்துறை மாலுமிகள் அதைச் சூயஸ் வழியாக அட்லாண்டிக்கைக் கடந்து ஓட்டிப்போய் 1938 ஆகஸ்டில் அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்துக் குளோஸ்டர் துறைமுகத்தில் சேர்த்தார்கள். அந்தக் கப்பலை வரைபடம் இல்லாமல் கட்டிய ஓடாவிகளின் கைக்கணக்கு எவ்வளவு பேருக்கு இன்று தெரியும்?

தமிழகக் கரையிலும் இதே கேள்விதான். நம் கடல் வரலாறு என்றதும் ராஜேந்திர சோழனின் கடாரப் படையெடுப்பு வந்துவிடும். பூம்புகாரில் 1973-ல் சிலப்பதிகாரக் கலைக்கூடம் எழுந்தது. பெருமைப்பட வேண்டியவைதான். ஆனால் கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கேற்றிப் போன தூத்துக்குடித் தோணி, அலைமேல் ஆயிரம் ஆண்டு நின்ற கட்டுமரம், சென்னைக்கு விறகும் உப்பும் கொண்டுவந்த பக்கிங்காம் கால்வாய்ப் படகு, இவற்றுக்கெல்லாம் ஒரு ஃப்ரான்ஸ்-கிறிஸ்டியன் எங்கே? 2004 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக வந்த ஃபைபர் படகுகள் கட்டுமரங்களை மிக வேகமாக ஓரங்கட்டிவிட்டன. மீனவருக்கு அது தொழில் முன்னேற்றம், அதைக் குறை சொல்ல யாருக்கும் உரிமையில்லை. ஆனால் ஊருக்கு ஒரு கட்டுமரத்தையாவது, அதைக் கட்டும் முறையையாவது எடுத்து வைத்திருக்கலாம். தூத்துக்குடித் தோணிகளின் உலகம் ஜோ டி குரூஸின் ‘கொற்கை’ நாவலில் கிடைக்கும் அளவுக்கு எந்த அரசுக் காட்சிக்கூடத்திலும் கிடைப்பதில்லை.

பக்கிங்காம் கால்வாய் எம்ஷருக்கு நேர் ஒப்பு. 1806-ல் காக்ரேன் கால்வாயாகத் தொடங்கி, 1876–78 தாது வருடப் பஞ்சத்தின்போது நிவாரண வேலையாக நீட்டி, மரக்காணத்திலிருந்து ஆந்திரத்தின் பெத்தகஞ்சம் வரை ஏறக்குறைய 420 கிலோமீட்டர் ஓடிய நீர்வழி அது. பஞ்சத்தில் வாடியவர்கள் கூலிக்கு வெட்டியது. பாரதிதாசன் அதில் படகேறி மாமல்லபுரம் போன பயணத்தைப் பாட்டாக்கியிருக்கிறார். 1960-களின் புயல்கள் அதைச் சிதைத்தன. சென்னைக்குள் சாக்கடை சேர்ந்தது, பறக்கும் ரயிலின் தூண்கள் அதன் நடுவிலேயே இறங்கின. 2008-ல் தேசிய நீர்வழி என்று அறிவித்தார்கள். நகருக்குள் தண்ணீரின் நிறம் மாறவில்லை.

எம்ஷரை மீட்ட அளவுக்குப் பணம் நம்மிடம் இல்லை என்று சொல்வது எளிது, ஓரளவு உண்மையும்கூட. ஆனால் எல்லாவற்றுக்கும் கோடிகள் தேவைப்படுவதில்லை. பக்கிங்காம் கால்வாயில் எஞ்சியிருக்கும் பழைய மதகுகளைப் பட்டியலிட்டு, இடிக்காமல் வேலி கட்ட ஒரு அரசாணை போதும். தூத்துக்குடியில் கரையேற்றிய தோணியொன்றை உடைப்பதற்கு முன் அரசு வாங்கி, பழைய துறைமுகத்தருகே நிறுத்தி, அதற்குள் தோணித் தலைவரான தண்டலின் அறை எப்படி இருந்தது, சமையல் எங்கே நடந்தது, சரக்கை எப்படி அடுக்கினார்கள் என்று காட்டலாம். அவசரமானது வேறொன்று. அடிமரமான ஏராக்கட்டையை வைப்பது முதல் பாய்மரம் ஏற்றுவது வரை கைக்கணக்கில் செய்த ஓடாவிகளில் வயதானவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்களிடம் உட்கார்ந்து கேட்டு, அளந்து, வரைந்து, குரலைப் பதிவு செய்ய ஒரு பல்கலைக்கழகத் துறையும் சில மாணவர்களும் போதும். இந்தக் கல்வியாண்டிலேயே தொடங்கக்கூடிய வேலை அது.